உறுமி மேளத்தில் தெரியாத பழுது

நம் சர்வீஸ்காரர்களின் கைப்பேசிக் குழுவில் போன வாரம் உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "யூஎஸ்பி கேஸ்தானே, அஞ்சு நிமிஷ வேலை." பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை வேறு. படித்துவிட்டு நானும் சிரித்தேன். ஈப்போவில் ஒரே கடையில், ஒரே சர்வீஸ் கவுண்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அந்த அஞ்சு நிமிஷக் கதையை நானும் ஏகப்பட்ட பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் சொன்னபடி முடித்தும் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை மட்டும் அந்த அஞ்சு நிமிஷம் மூன்று வாரமாக நீண்டுவிட்டது. அதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கே திருகாணியைக் கழற்றுவது, எங்கே ஈயம் வைப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை என்னைவிட நீங்கள் வேகமாகச் செய்வீர்கள். என் கண் இப்போது அதற்கெல்லாம் ஒத்துழைப்பதில்லை.

கையடக்க ஹெட்போன் ஆம்ப் உங்களுக்குப் புதிதல்ல. வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டி. மடிக்கணினியிலிருந்து யூஎஸ்பி வழியாக வெறும் எண்களாக வருவதை வாங்கி, சத்தமாக மாற்றி, பலம் கூட்டி ஹெட்போனுக்கு அனுப்பும். மடிக்கணினியில் உள்ள ஹெட்போன் துளை கொடுக்கும் சத்தம் போதாது, சுத்தமாகவும் இல்லை என்கிறவர்கள் வாங்குவது. இதோடு கவுண்டருக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இரண்டே புகார்தான். ஒன்று, கணினிக்கு இது தெரியவில்லை. இரண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகிறது.

பாதிப் பேருக்குக் கேபிள்தான் வியாதி. கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டுமே லாயக்கான கேபிளைச் செருகிவிட்டு, பாட்டு வரவில்லை என்று வருவார்கள். தாப்பாவிலிருந்து ஓர் ஆசிரியர் லீவு போட்டு வந்தார். பெட்டியில் இரண்டு துளை இருக்கிறது, ஒன்று சார்ஜுக்கு, ஒன்று கணினிக்கு. அவர் ஆறு மாதமாகச் சார்ஜ் துளையில் செருகி, அது பேசும் என்று காத்திருந்திருக்கிறார். பத்து வினாடியில் மாற்றிச் செருகிக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்படியே வருஷக்கணக்கில் நடந்தால் ஒரு மனுஷனுக்குத் தலைக்கனம் வருமா வராதா? எனக்கு வந்தது. அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

கவுண்டரில் இரண்டு வழக்கங்கள் வைத்திருந்தேன். இரண்டும் நானே ஏற்படுத்தியவை.

முதலாவது, பழுதான பொருளை மட்டும்தான் வாங்குவோம். கேபிள், சார்ஜர், பை, மடிக்கணினி எதையும் வாங்க மாட்டோம். ஒரு காலத்தில் எல்லாவற்றையும் வாங்கி வைத்து, என் கேபிளை மாற்றிவிட்டாய் என்று ஒருவர் மேஜையைத் தட்டிச் சண்டை போட்ட பிறகு வந்த சட்டம் அது. மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் என் கையாலேயே எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன்.

இரண்டாவது, உறுமி மேளம். சிலிம் ரிவர் பக்கம் பழைய தோட்டம் ஒன்றில், ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டு, ஆட்களெல்லாம் வெளியேறிய பிறகும் கோயிலும் வருஷத் திருவிழாவும் மட்டும் அப்படியே இருக்கின்றன. எங்கள் குடும்பம் அங்கிருந்து வந்ததுதான். ஒரு வருஷம் ரதம் புறப்படும்போது உறுமி மேளத்தை நல்ல மைக் வைத்து நானே பதிவு செய்தேன். நாற்பது நிமிஷம். அடி ஆழம் கேட்கும், ஜால்ராவின் கூர்மை கேட்கும், கூட்டத்தில் யாரோ ஒருவர் இருமுவதுகூடக் கேட்கும். எந்த ஆம்ப் வந்தாலும் என் கடை மடிக்கணினியில் மாட்டி அந்த நாற்பது நிமிஷத்தை ஓடவிடுவேன். தாங்கிவிட்டால் பொருள் நல்ல பொருள். மற்ற கடைக்காரர்கள் ஏதோ சோதனை மென்பொருள் என்பார்கள். எனக்கு என் மேளம் போதும் என்று இருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் புஷ்பம் வந்தார். முழுப்பெயர் மேரி புஷ்பம். சித்தியவானிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆம்பை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்து வைத்தார். தோளில் பெரிய பை ஒன்று. அதிலிருந்து மடிக்கணினியையும் எடுக்கப் போனார். நான் கண்ணாடியில் ஒட்டிய தாளைக் காட்டினேன். படித்துவிட்டுப் பையை மூடிக்கொண்டார்.

என்ன கோளாறு என்று கேட்டேன். அவர் சொன்னதை இப்போது அப்படியே எழுதுகிறேன். அன்றைக்கு இது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"பாட்டு போட்டா நல்லாத்தான் கேக்குது அண்ணே. வேலை செய்யும்போதுதான் போயிடுது லா."

மேளத்தை ஓடவிட்டேன். நாற்பது நிமிஷமும் சொட்டுக் குறையில்லாமல் ஓடியது. அவர் முன்னாலேயே இன்னொரு தடவையும் ஓடவிட்டேன். பொருளில் ஒன்றும் இல்லை, கேபிளை மாற்றுங்கள் என்று ஒரு நல்ல கேபிளைக் கொடுத்தனுப்பினேன். மனதுக்குள் இன்னொரு தாப்பா ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்து மறுபடி வந்தார். புதுக் கேபிளிலும் அதே கதைதான் என்றார். சில நேரம் அடியோடு அறுந்துவிடுகிறது, பல நேரம் சத்தம் வருகிறது ஆனால் முழுசாக வரவில்லை என்றார். முழுசாக வரவில்லை என்றால் என்ன என்று கேட்டேன். சரியாகச் சொல்லத் தெரியாமல் விழித்தார். நான் மறுபடியும் மேளம். மறுபடியும் சுத்தம். கவுண்டரில் வேறு நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த நேரத்தில் நான் சொன்ன வார்த்தைதான் இந்தக் கதையில் உள்ள பெரிய பழுது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. மெஷின் நல்லா இருக்கு. காத ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

கேலியாகச் சொல்லவில்லை. அனுபவசாலி சொல்கிற நல்ல யோசனை என்று நினைத்துத்தான் சொன்னேன். அதுதான் இன்னும் மோசம். அவர் ஆம்பை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டார். போய்விட்டார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது காலை பத்தரை மணி. அந்தப் பெரிய பையைக் கவுண்டர் மேல் வைத்தார். ஒட்டியிருந்த தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடிக்கணினி, ஹெட்போன், ஆம்ப், கேபிள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியாகக் காலால் மிதிக்கிற ஒரு பெடல் வந்தது. தையல் மெஷின் பெடல் மாதிரி, சின்னதாக.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு ஃபைல் அனுப்பணும் அண்ணே. இதுவும் தப்பா போனா என் பேர எடுத்துடுவாங்க. நீங்க பாருங்க, இல்லாட்டி முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

அப்போதுதான், மூன்று வாரத்துக்குப் பிறகு, முதல் தடவையாக அவரைக் கேட்டேன்: இதை வைத்து நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

அவர் சொன்னது இவ்வளவு. பதினோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் இரைச்சலில் நின்றவர். அதில் இடது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அவரே அதை மறைக்கவில்லை. தொழிற்சாலையை மூடியதும் தட்டச்சு கற்றுக்கொண்டு, கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். ஆட்களிடம் எடுத்த பேட்டிப் பதிவுகள் வரும். கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். தமிழும் மலாயும் கலந்து பேசுவதைச் சரியாகப் பிடிக்கிற ஆள் என்று இவரைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம். காதுக்குப் பலம் வேண்டும் என்றுதான் இந்த ஆம்பையே வாங்கினார். இப்போது தொடர்ந்து இரண்டு ஃபைலில் தப்பு. பல இடத்தில் பதிலின் முதல் சொல் இல்லை. ஆமாவா இல்லையா என்பதே அந்த முதல் சொல்லில்தான் இருக்கும். இது கருவியின் கோளாறு என்று இவர் சொன்னதற்கு, அந்த நிறுவனத்து மேற்பார்வைப் பெண் மரியாதையாகவே பதில் சொல்லியிருக்கிறார், இந்த வேலைக்குக் காது முக்கியம் என்று.

"கடையில மெஷின் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னு அவங்ககிட்ட நான்தான் உண்மைய சொன்னேன்" என்றார் புஷ்பம். "பொய் சொல்ல வரல அண்ணே."

நான் சொன்ன யோசனைப்படி அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் போய்க் காதைக் காட்டியிருக்கிறார். இடது காது பழையபடிதான், வலது காது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மெஷினைப் பார்க்கிறவன் மெஷின் சரி என்கிறான், காதைப் பார்க்கிறவர் காது சரி என்கிறார், எழுதிய பக்கத்தில் மட்டும் சொல் இல்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது கடிகாரத்தைக் காதுப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன் என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

 வருத்தப்பட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. பதினொரு மணி ஆகிக்கொண்டிருந்தது.

பதற்றத்தில் கை முதலில் பெரிய ஆயுதத்தைத்தான் தேடும். உங்களுக்கும் தேடும். நான் தயாரிப்பாளரின் பக்கத்தைத் திறந்தேன். அந்த ஆம்புக்குப் புது ஃபர்ம்வேர் வந்திருந்தது, அதாவது கருவிக்குள்ளேயே குடியிருக்கிற மென்பொருளின் புதுப் பதிப்பு. யூஎஸ்பி இணைப்பு மேம்பாடு என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. இறக்கினேன். ஆம்பை மாட்டினேன். ஏற்றவா என்று கேட்கிற பொத்தான் வரைக்கும் போய்விட்டேன்.

விரல் அங்கேயே நின்றது. ஏற்றும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் கருவி செத்தது. இந்தக் கருவியின் புகாரே இணைப்பு அறுகிறது என்பதுதானே? வேறு ஆம்ப் இருக்கிறதா என்று புஷ்பத்தைக் கேட்டேன். இல்லை என்றார். கடையில் அந்த மாதிரி இன்னொன்று இருப்பில் இல்லை. இது செத்தால் அவர் அஞ்சு மணிக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. காரணம் தெரியாமல் மருந்து கொடுக்கப் பார்க்கிறேன், அதுவும் ஒரே ஒரு உயிரை வைத்துக்கொண்டு. பக்கத்தை மூடினேன். அன்றைக்கு நான் செய்த முதல் உருப்படியான காரியம் அந்தப் பொத்தானை அமுக்காமல் விட்டது.

அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் என் கை பழக்கத்தில் மேளத்தைத் தேடிப் போனது. அப்போதுதான் அவர் முதல் நாள் சொன்னது எனக்கு உறைத்தது. பாட்டு போட்டால் நன்றாகக் கேட்கிறது, வேலை செய்யும்போதுதான் போகிறது. இந்த மனுஷி பாட்டு கேட்கவே இதை வாங்கவில்லை. நான் மூன்று வாரமாக அவருக்குப் பாட்டு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கவுண்டரின் பலகையைத் தூக்கி அவரை உள்ளே கூப்பிட்டேன். வாடிக்கையாளரை உள்ளே விடுகிற பழக்கம் எங்கள் கடையில் கிடையாது. என் நாற்காலியைக் காட்டினேன்.

"உக்காருங்கம்மா. வீட்டுல எப்படி செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

அவர் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் மாட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைப் பெடல் மேல் வைத்தார். மிதித்தால் பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். மிதிப்பார், ஒரு வாக்கியம் கேட்பார், காலை எடுப்பார், தட்டச்சு செய்வார். மறுபடி மிதிப்பார். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். கவுண்டரில் இரண்டு பேர் வந்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்றேன்.

ஆம்பின் முன்பக்கம் கடுகு அளவில் ஒரு விளக்கு உண்டு. கணினியோடு பேசிக்கொண்டிருந்தால் பச்சை. பேச்சு நின்றால் ஆரஞ்சு. என் மேளம் ஓடும்போது நாற்பது நிமிஷமும் அது பச்சை. அதனால் நான் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தேன். இப்போது பார்த்தேன். புஷ்பம் காலை எடுத்தார், தட்டச்சு செய்தார். நீளமான வாக்கியம், கொஞ்ச நேரம் ஆனது. விளக்கு ஆரஞ்சுக்குப் போனது. அவர் மிதித்தார். பச்சை வந்தது. ஆனால் மிதித்த உடனே வரவில்லை. ஒரு கண் சிமிட்டல் நேரம் கழித்து வந்தது. திரையில் பதிவு ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தது.

இன்னும் பார்த்தேன். சின்ன வாக்கியம் என்றால் பச்சை அப்படியே இருந்தது. தட்டச்சு நீண்டால் ஆரஞ்சு. ஆரஞ்சு விழுந்த ஒவ்வொரு தடவையும் அடுத்த பேச்சின் தலை துண்டானது. ஒரு தடவை பச்சை திரும்ப வரவே இல்லை, கணினிக்குக் கருவியே தெரியாமல் போய்விட்டது. அவர் பழக்கமாகக் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினார். எதையும் அவரிடம் சொல்லாமல், துண்டான ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பதினான்கு கோடு ஆனதும் போதும் என்றேன்.

அவருடைய மடிக்கணினி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற மடிக்கணினி. யூஎஸ்பியில் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை என்றால் அந்தத் துளையைத் தூங்கப் போட்டுவிடும். மிதித்ததும் தட்டி எழுப்பும். அது கண்ணைத் திறப்பதற்குள் முதல் சொல் போய்விடும். சில நேரம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. என் கடை மடிக்கணினியில் இந்த மிச்சம் பிடிக்கிற வேலையை வாங்கிய அன்றைக்கே நிறுத்தி வைத்திருந்தேன். நிறுத்தாமல் இருந்தாலும் உறுமி மேளம் அதைத் தூங்க விட்டிருக்காது. நாற்பது நிமிஷத்தில் ஒரு நொடி அமைதி கிடையாது அதில். அமைதியில் மட்டும் வருகிற பழுதை ஓயாத மேளத்தை வைத்துத் தேடிய புத்திசாலி நான்.

அமைப்பை மாற்ற உடனே கை துடித்தது. அப்போதும் மாற்றவில்லை. மூன்று வாரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தீர்ப்பு சொன்னவன், மூன்றாவது தடவை நிரூபிக்காமல் வாய் திறக்கக் கூடாது. அவர் மடிக்கணினியிலேயே பின்னணியில் சத்தமே இல்லாத ஒரு வெற்றுப் பதிவை ஓடவிட்டேன். காதுக்கு ஒன்றும் கேட்காது, ஆனால் துளைக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும், தூங்க முடியாது. புஷ்பத்தை மறுபடி வேலை செய்யச் சொன்னேன். விளக்கு பச்சையிலேயே நின்றது. எவ்வளவு நேரம் காலை எடுத்தாலும் பச்சை. வெற்றுப் பதிவை நிறுத்தினேன், ஆரஞ்சு வந்தது. மறுபடி ஓடவிட்டேன், பச்சை. இப்படி மூன்று முறை. அதற்குப் பிறகுதான் அவருடைய மடிக்கணினியில் அந்தத் தூக்க அமைப்பை நிறுத்தினேன். அஞ்சு நிமிஷ வேலைதான், சந்தேகமே இல்லை.

மணி ஒன்று. எழுபது நிமிஷப் பதிவு, அதில் பாதிக்கு மேல் ஏற்கனவே தலை துண்டான வாக்கியங்களோடு எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். சித்தியவானுக்கு பஸ் ஏறினால் வீடு போய்ச் சேரும்போதே அஞ்சு மணி நெருங்கிவிடும். இங்கேயே செய்யுங்கள் என்றேன். கடைக்காரருக்குச் சங்கடம் வருமே என்று தயங்கினார். அது என் கவலை என்றேன்.

எங்கள் தவுக்கே, அதாவது கடை முதலாளி, சீனர், நல்ல மனிதர். மூன்று மணிக்கு வந்தவர் என் நாற்காலியில் ஒரு பெண் செருப்பில்லாமல் உட்கார்ந்து தட்டச்சு செய்வதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். என்ன இது என்று மலாயில் கேட்டார். சோதனை நடக்கிறது என்றேன். எவ்வளவு நேரம் என்றார். அஞ்சு மணி வரைக்கும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். புஷ்பம் தலையைத் தூக்கவில்லை. நான் பக்கத்துக் கடையில் வாங்கி வைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலேயே கிடந்தது. அவர் வேலை செய்வதை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுகிற இடத்தில்கூட யார் என்ன சொன்னது என்று இரண்டே தடவை கேட்டுப் பிரித்துவிடுகிறார். நானும் ஓர் இடத்தில் ஹெட்போனை வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஃபைல் போனது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்த வேலை இன்றைக்கும் அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த அஞ்சு மணிக்கு அது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஃபைலை அனுப்பிவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. பெடலின் வயரைச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார், இதை எழுத்தில் தர முடியுமா என்று. முந்தின இரண்டு ஃபைலும் அவர் பெயரில் அப்படியே கிடக்கின்றன. இந்த ஃபைல் சரியாக இருந்தாலும், இந்தத் தடவை கவனமாகக் கேட்டிருக்கிறாள் என்றுதானே நினைப்பார்கள்.

மலாயில் நாலு வரி எழுதினேன். இந்தக் கருவியை எங்கள் கடை இரண்டு முறை சோதித்துப் பழுதில்லை என்று சொன்னது. அது தவறு. சத்தம் நிற்கும்போதெல்லாம் இணைப்பு தூங்கி, அடுத்த பேச்சின் தொடக்கம் துண்டாவதை இன்று நேரில் பார்த்தோம். காரணம் கணினியின் ஓர் அமைப்பு, பயன்படுத்துகிறவர் அல்ல.

தவுக்கே அதை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுத் தாடையைத் தேய்த்தார். தவறு என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடையின் பேர் அது. எடுத்துவிட்டால் இந்தத் தாளுக்கு அர்த்தமே இல்லை, எடுத்தால் நானும் இனி கவுண்டரில் உட்கார்ந்து அர்த்தமில்லை என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து கடை முத்திரையை எடுத்து என் முன்னால் வைத்தார். குத்துவதை என்னிடமே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

குத்தினேன். புஷ்பத்திடம் கொடுத்தேன். வாய் அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

"கடை பேரு இருக்கு. உங்க பேரு இல்லையே அண்ணே."

கடை முத்திரை இருந்தால் போதும், ஆபீஸ்களில் அதைத்தான் கேட்பார்கள் என்று விளக்கினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"மெஷின் நல்லா இருக்குன்னு சொன்னது கடை. காத காட்டச் சொன்னது நீங்கதான் லா."

  தாளை வாங்கி ஐந்தாவதாக ஒரு வரி எழுதினேன்: வாடிக்கையாளரின் காதில் குறை இருக்கலாம் என்று நான் சொன்னேன், அதைச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. கீழே என் பெயர், என் அப்பா பெயர், அடையாள அட்டையான ஐசியின் நம்பர், கையெழுத்து. எத்தனையோ ஆயிரம் சர்வீஸ் தாள்களில் வெறும் கிறுக்கலாகப் போட்டுப் பழகிய கை அது. முழுப்பெயரை எழுதும்போது பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதியது.

அவர் மறுபடி படித்தார். அந்த ஐந்தாவது வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். கைக்குட்டையில் ஆம்பைச் சுற்றிப் பையில் வைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் எழுந்தேன். அவர் தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஃபோட்டோஸ்டாட் மெஷின் இருக்கா அண்ணே? அசல் கடையில இருக்கட்டும், காப்பி ரெண்டு வேணும்."

ஆபீசுக்கு ஒன்று போதாதா, இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்கு" என்றார்.

இரண்டு எடுத்தேன். நகலில் மை வெளிறித் தெரிந்தது. அதனால் இரண்டின் கீழும் பேனாவால் மறுபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.